ஒரு சான்ஸ் குடுத்துத்தான் பாப்போமே!

நேற்று மொட்டை மாடியில் எங்கள் ஹவுஸ் ஓனர் வடாம் காயப்போட்டு, கையில் குச்சியோடு காக்கைக்குக் காவல் இருந்தார். துணி உலர்த்தப் போன என்னைப் பார்த்ததும் வழக்கம்போல நாட்டு நிலவரத்துக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாச்சு சார். இவருக்கும் ஒரு சான்ஸ் குடுத்துத்தான் பாப்போமே. என்ன கெட்டுப் போச்சு?"

எவருக்கு என்று கேட்காதீர்கள். அது முக்கியமே இல்லை. நடிகர் மாறுவார், கொடி மாறும், வசனம் மட்டும் மாறாது. 2005-இல் விஜயகாந்த் மதுரையில் கட்சி தொடங்கியபோது இதே வசனத்தைக் கேட்டேன். 2007-இல் சரத்குமார் தொடங்கியபோதும் கேட்டேன், சற்று மெல்லிய குரலில். 2018-இல் கமல்ஹாசன் தொடங்கியபோது இதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னார்கள். ரஜினிகாந்துக்காகவோ கால் நூற்றாண்டு காலம் இந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு, மேடை ஏறாமலேயே நின்றார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஆட்டோவில் போகும்போது, முடி வெட்டிக்கொள்ளும்போது, பந்தியில் ரசத்துக்குக் காத்திருக்கும்போது.

எனக்கு நேற்று சுருக்கென்றது, சொன்னவர் யார் என்பதால். மேல் போர்ஷன் எப்போதோ காலியாகிவிட்டது. இன்றுவரை ஒரு மனிதருக்கும் அவர் சான்ஸ் கொடுக்கவில்லை.

போன வாரம் ஒரு புதுமணத் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். இருவரும் ஐ.டி. வேலை. பையன் நெற்றியில் விபூதிகூட இருந்தது. வீடு தேடுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் முன்ஜாக்கிரதை. படிக்கட்டில் வைத்தே விசாரணை ஆரம்பமாயிற்று. எத்தனை பேர்? ஊர் எது? ஊரில் இருந்து அம்மா அப்பா வருவார்களா, வந்தால் எத்தனை நாள் இருப்பார்கள்? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா? நான்வெஜ் என்றால் தினமுமா, ஞாயிறு மட்டுமா? மீனா, கோழியா? ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள்? கேட் சாவியைத் திருகும்போது சத்தம் வராமல் திருகத் தெரியுமா? வாஷிங் மெஷின் உண்டா? அது வாரத்துக்கு எத்தனை தடவை ஓடும்? சுவரில் ஆணி அடிப்பீர்களா? சாமி படத்துக்குக்கூடவா? குழந்தை இருக்கிறதா? இல்லையா? ஏன் இல்லை?

அந்தப் பெண் 'ஏன் இல்லை' என்ற கேள்வியில் கணவனைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான். ஆதார் நகல், கம்பெனி அடையாள அட்டை, பழைய வீட்டுக்காரரின் போன் நம்பர் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். இரண்டு அறை, ஒரு ஹால், ஒழுகும் குளியலறை. அதற்கு இத்தனை.

அதே மனிதர்தான் 234 தொகுதி, தலைமைச் செயலகம், மாநில கஜானா எல்லாவற்றையும் ஒரு கேள்வி கேட்காமல், காக்கையை விரட்டிய கையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். நடிகர்கள் கட்சி ஆரம்பித்தால் அவர்களிடம் தெளிவான கொள்கை ஏன் இருப்பதில்லை என்பதற்கு மூன்று காரணங்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வேறு எந்தப் பக்கமும் திரும்பமாட்டேன்.

முதல் காரணத்துக்கு ரஜினிகாந்திடம் இருந்துதான் தொடங்கவேண்டும். 2017 டிசம்பர் கடைசி. கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் ரசிகர் சந்திப்பு. 31-ஆம் தேதி, அரசியலுக்கு வருவது உறுதி, தனிக்கட்சி, 234 தொகுதியிலும் போட்டி என்று அறிவித்தார். ஆன்மிக அரசியல் என்றார். உண்மை, உழைப்பு, உயர்வு என்ற மூன்று மந்திரம் சொன்னார். நல்லதையே நினைத்து, நல்லதையே பேசி, நல்லதையே செய்தால் நல்லதே நடக்கும் என்றார். ஆட்சிக்கு வந்து மூன்று வருஷத்தில் சொன்னதைச் செய்யாவிட்டால் ராஜினாமா என்றும் சொன்னார். சொன்னது என்ன என்பது மட்டும் பாக்கி. அந்த நாட்களில்தான், யாரோ ஒரு நிருபர் மைக்கை நீட்டி உங்கள் கொள்கை என்ன என்று கேட்டதையும், ஒரு நிமிஷம் தனக்குத் தலையே சுற்றிவிட்டதையும் வெள்ளந்தியாகச் சொன்னார்.

தமிழ்நாடே சிரித்தது. இன்றைக்கும் அந்தத் தலைசுற்றல் மீம் டெம்ப்ளேட்டாக வாட்ஸ்அப்பில் உயிரோடு இருக்கிறது. கரண்ட் பில் வந்தால் தலை சுற்றுகிறது, மாமியார் வந்தால் தலை சுற்றுகிறது. எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை. உள்ளதைச் சொன்ன மனிதர் அவர். மற்றவர்கள் தலை சுற்றாதமாதிரி கேமராவைப் பார்த்து நிற்கத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒன்று. எங்கள் ஹவுஸ் ஓனர் முன்னால் இப்படி ஒருவர் வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சும்மா நினைத்துப் பாருங்கள். மேல் போர்ஷனைப் பார்க்க ஒரு நட்சத்திரம் வருகிறார். வாசலில் நான்கு பேர் பூத் தூவுகிறார்கள். தெருவில் விசில்.

"வாங்க சார். வாடகை எவ்வளவு குடுப்பீங்க?"

"நல்ல வாடகை குடுப்பேன்."

"சந்தோஷம். எவ்வளவு?"

"உண்மையான வாடகை. உழைச்சு சம்பாதிச்ச வாடகை. உங்களை உயர்த்துற வாடகை."

வாசலில் கைதட்டல். ஹவுஸ் ஓனர் எட்டிப் பார்க்கிறார். கைதட்டுகிறவர்களில் அவர் மகனும் இருக்கிறான்.

"அட்வான்ஸ் எத்தனை மாசம்?"

"நான் அட்வான்ஸ் குடுக்க வரலை சார். அட்வான்ஸ்ங்கிற சிஸ்டத்தையே மாத்த வந்திருக்கேன்."

"இதுக்கு முன்னாடி இருந்த வீட்டை ஏன் காலி பண்ணினீங்க?"

"அங்க சிஸ்டம் சரியில்லை."

"சரி, ஃபேமிலியா, பேச்சிலரா?"

"தமிழ்நாட்டு மக்கள் எல்லாருமே என் ஃபேமிலிதான்."

"எல்லாரும் இங்கேயேவா தங்குவாங்க? சம்ப்புல தண்ணி பத்தாதே சார்."

இதற்குப் பதில் இல்லை. நட்சத்திரம் தலைமுடியைக் கோதுகிறார். மறுபடியும் கைதட்டல்.

"வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

இந்தக் கேள்விக்கு நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பதில் மாறும். 2018 பிப்ரவரியில் மதுரையில் கட்சி தொடங்கிய கமல்ஹாசனாக இருந்தால், "சைவமும் இல்லை, அசைவமும் இல்லை. மய்யம்" என்பார். ஹவுஸ் ஓனர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப முட்டைங்களா?" என்பார். அதற்கு ஒரு விளக்கம் வரும். அருமையான தமிழில், ஒரு பக்க நீளத்தில், நடுவில் ஒரு கவிதையோடு. கேட்டு முடித்ததும் ஹவுஸ் ஓனருக்கு வெஜ் என்றால் என்ன என்பதே மறந்துபோயிருக்கும். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் முதல் மாநாடு நடத்திய விஜய்யாக இருந்தால், திராவிடத்தையும் தமிழ்த் தேசியத்தையும் இரண்டு கண்கள் என்று சொன்ன அதே வாயால், "சைவமும் அசைவமும் எனக்கு ரெண்டு கண்ணு" என்பார். ஹவுஸ் ஓனர், "ரெண்டு கண்ணும் சரி சார், ஒரே அடுப்பா?" என்று கேட்க நினைத்து, வாசல் கூட்டத்தைப் பார்த்து விழுங்கிக்கொள்வார். கொள்கைத் தலைவர்கள் என்று ஐந்து பேரை அந்த மாநாட்டில் அறிவித்தார்கள். பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலு நாச்சியார், அஞ்சலை அம்மாள். ஐந்து பேருக்கும் ஆளுயரத்துக்கு மேல் கட்அவுட். படங்களை மாட்ட ஆணி அடிக்கக் கூடாது என்ற கண்டிஷனை இங்கே ஹவுஸ் ஓனர் எப்படிச் சொல்வார் என்று எனக்குக் கவலை.

"ஆணி அடிப்பீங்களா சார்?"

"ஆணி அடிக்கிறதா வேண்டாமாங்கிறதை என்னை வாழவைக்கிற மக்கள் முடிவு பண்ணுவாங்க."

"மோட்டாருக்குத் தனி மீட்டர் கிடையாது. அந்த பில்லை எப்படிப் பிரிச்சுக்கலாம்?"

"நேரம் வரும்போது சொல்றேன்."

"எப்ப குடிவருவீங்க?"

இந்தக் கேள்வியை மட்டும் கேட்டிருக்கக் கூடாது. 1995-இல் வந்த 'முத்து' படத்தில் இதே கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. எழுத வேண்டியதில்லை, உங்கள் உதடு இப்போதே அசைகிறது. ஹவுஸ் ஓனரின் உதடும் அசையும். கறாரான மனிதர், ஒரு நாள் வாடகை பிந்தினால் குழாயை மூடுகிறவர், அந்த ஒரு வசனத்தில் தேதி கேட்டதையே மறந்து நிற்பார்.

இன்னும் முடியவில்லை. நட்சத்திரம் படியில் இறங்கும்போது திரும்பி நிற்கிறார்.

"இன்னொரு விஷயம். நான் குடிவர மாட்டேன்."

"என்ன சார்?"

"வீட்டை நான் எடுத்துக்கறேன். ஆனா நல்லாப் படிச்ச, அம்பது வயசுக்குக் கீழே இருக்கிற ஒரு தம்பியை அனுப்பி வைப்பேன். அவர் குடியிருப்பார். நான் அவரைக் கவனிச்சுப்பேன். தப்பு பண்ணினா நானே தட்டிக் கேப்பேன்."

"அப்ப வாடகை யார் குடுப்பாங்க?"

"அதுக்கு முன்னாடி இந்தத் தெருவுல ஒரு எழுச்சி தெரியணும். அது தெரியட்டும், வர்றேன்."

இது நான் கட்டிய கற்பனை என்று நினைத்தால் 2020 மார்ச் 13-ஆம் தேதி பேப்பரைத் தேடிப் பாருங்கள். சென்னையில் பத்திரிகையாளர்களைக் கூட்டி ரஜினி சொன்ன திட்டம் ஏறக்குறைய இதுதான். கட்சிக்கு ஒரு தலைமை, ஆட்சிக்கு ஒரு தலைமை. முதல்வர் நாற்காலியில் தான் உட்காரப் போவதில்லை. அறுபதில் இருந்து அறுபத்தைந்து சதவீத சீட்டு ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள படித்தவர்களுக்கு. தேர்தல் முடிந்தால் தேவையில்லாத கட்சிப் பதவிகள் ரத்து. மக்களிடம் எழுச்சி தெரிந்தால் வருகிறேன். சொல்லப்போனால் அவர் சொன்னதிலேயே தெளிவாக இருந்தது இந்தத் திட்டம்தான். ரசிகர்களுக்குப் பிடிக்காததும் இதுதான். தலைவர் சி.எம். இல்லை என்றால் அப்புறம் எதுக்குத் தோரணம்?

பிறகு டிசம்பர் 3-ஆம் தேதி, ஜனவரியில் கட்சி, தேதி 31-ஆம் தேதி சொல்கிறேன் என்றார். 29-ஆம் தேதி உடல்நிலை காரணமாக வரவில்லை என்று அறிக்கை வந்தது. அதில் கேலி செய்ய எதுவும் இல்லை. உடம்புக்கு முன்னால் எந்தக் கொள்கையும் நிற்காது. அடுத்த ஜூலையில், கட்சிக்காக வைத்திருந்த ரஜினி மக்கள் மன்றத்தையும் கலைத்துவிட்டார். கொள்கை இல்லாத கட்சிகள் நாட்டில் நிறைய உண்டு. கட்சியே பிறக்காமல் அதன் கொள்கைக்காக மூன்று வருஷம் திட்டு வாங்கிய மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கமுடியும்.

மேலே உள்ள ஹவுஸ் ஓனர் சம்பாஷணை முழுவதையும் நேற்று ராத்திரி என் மனைவியிடம் நடித்துக் காட்டினேன். இரண்டு குரலில், தலைமுடி கோதுவது உட்பட. என் தலையில் கோதுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் அந்தக் காட்சி மட்டும் எடுபடவில்லை. அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாடியில துணியைக் காயப்போட்டீங்களா இல்லையா?" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றிவிட்டது.

எங்கே விட்டேன்? முதல் காரணம்.

அதற்குள் ஹவுஸ் ஓனரின் எதிர்வாதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. நான் மாடியிலேயே கேட்டுப் பார்த்தேன், "சார், அவரோட கொள்கை என்ன?"

அவரிடம் பதில் தயாராக இருந்தது. "எம்.ஜி.ஆருக்கு என்ன சார் கொள்கை? அண்ணாயிசம்னார். யாருக்காவது புரிஞ்சுதா? ஆனா சத்துணவு போட்டாரா இல்லையா?"

இது எல்லா மொட்டை மாடிகளிலும் எல்லாத் திண்ணைகளிலும் கடைசியாக எடுக்கப்படும் பிரம்மாஸ்திரம். இதற்குப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறந்தேன். அண்ணாயிசம் யாருக்கும் புரியவில்லை என்பது உண்மைதான். முதலாளித்துவம், சோஷலிசம், கம்யூனிசம் மூன்றிலும் இருக்கிற நல்லதைச் சேர்த்தால் வருவது என்று சொன்னார்கள். 1982-இல் சத்துணவு போட்டதும் உண்மை; அதற்காக எம்.ஜி.ஆரை என் பாட்டி கடைசிவரை கும்பிட்டாள். ஆனால் 1972-இல் கட்சி தொடங்கும்போது அவர் நேராக ஷூட்டிங்கில் இருந்து மேக்கப்போடு வந்தவரா? 1953-இல் தி.மு.க.வில் சேர்ந்தவர். 1962-இல் மேலவை, 1967-இல் சட்டமன்றம், அப்புறம் கட்சிக்குப் பொருளாளர். ஏறக்குறைய இருபது வருஷம் ஒரு கட்சிக்குள் கிடந்து, கிளைச் செயலாளர் சண்டையில் இருந்து கணக்குப் புத்தகம் வரை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். நம் ஆட்கள் அந்த இருபது வருஷத்தை இன்டர்வல் மாதிரி வெட்டிவிட்டு, தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். நடிப்பு மட்டுமே போதும் என்றால் நம் நாட்டில் முதலில் ஜெயித்திருக்க வேண்டியவர் சிவாஜி கணேசன். 1989 தேர்தலில் சொந்தக் கட்சியோடு நின்றார். திருவையாற்றிலேயே தோற்றுப்போனார். அவரைவிட நன்றாக நடித்த வேட்பாளர் அதற்கு முன்னும் பின்னும் இந்த மாநிலத்தில் இல்லை.

"என்.டி.ஆர்.?" என்றார் ஹவுஸ் ஓனர். காக்கை ஒரு வடாமைக் கொத்திக்கொண்டு போனதை அவர் கவனிக்கவில்லை.

என்.டி.ஆர். 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி அடுத்த ஜனவரியில் ஆந்திராவின் முதல்வர் ஆனவர். உண்மை. ஆனால் அவர் கொள்கையை அந்த மாநிலத்தில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கூட ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். கிலோ இரண்டு ரூபாய் அரிசி. இவ்வளவுதான். தலை சுற்ற இடமே இல்லை. தெளிவான கொள்கை என்றால் முந்நூறு பக்கத்தில் பைண்ட் செய்து ஆங்கிலத்தில் வெளியிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என்ன, எவ்வளவு, எங்கிருந்து. இந்த மூன்றும் ஒரு துண்டுச் சீட்டில் அடங்கும்.

இப்போது முதல் காரணத்துக்கு நிஜமாகவே வந்துவிட்டேன். தெளிவாகச் சொன்னால் ஆபத்து. அதுதான் காரணம். நட்சத்திரத்தின் ரசிகர்களில் எல்லாக் கட்சிக்காரனும் உண்டு, எல்லாச் சாதிக்காரனும் உண்டு, கடவுளைக் கும்பிடுகிறவனும் கும்பிடாதவனும் உண்டு. நல்லது செய்வேன் என்றால் எல்லோரும் விசிலடிப்பார்கள். இன்ன நல்லது, இன்னாருக்கு, இன்னார் பணத்தில் என்று சொல்லி முடித்த மாத்திரத்தில் பாதித் தியேட்டர் எழுந்து போய்விடும். தலை சுற்றியது என்று சிரித்தோமே, அந்தச் சுற்றலில் ரஜினிக்கு இது தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

சரி, தெளிவாகச் சொன்ன நடிகர்களை நாம் என்ன செய்தோம்? இங்கேதான் எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருகிறது.

2006 தேர்தலில் விஜயகாந்த் ரேஷன் பொருட்களை வீட்டுக்கே கொண்டுவந்து தருவேன் என்றார். என்ன சிரிப்பு சிரித்தோம்! கேப்டன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் காலை உதைத்து மாடி வீட்டுக்குத் தாவுவதாக ஜோக்குகள் வந்தன. நானே ஒன்று எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன்; திரும்பி வந்துவிட்டது. அந்தத் தேர்தலில் அவர் கட்சியில் ஜெயித்தது விருத்தாசலத்தில் நின்ற அவர் ஒருவர்தான். 2025 ஆகஸ்டில் தி.மு.க. அரசு தாயுமானவர் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. என் அத்தை வீட்டுக்கு வண்டி வந்தபோது வாசலுக்கு ஓடிப்போய், "பாமாயில் இருக்கா?" என்று கேட்டாள். விஜயகாந்தை அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நான் ஞாபகப்படுத்தினேன். "அவர் ஃபைட் நல்லா பண்ணுவாரு" என்றாள்.

கமல்ஹாசன் இல்லத்தரசிகளுக்குச் சம்பளம் என்றார். அதற்கும் சிரித்தோம். சமையலுக்குச் சம்பளம் என்றால் உப்பு கூடினால் பிடித்தமா என்று ஆண்கள் எல்லாம் ஒரே ஜோக்கைக் கண்டுபிடித்தார்கள். 2021 தேர்தல் அறிக்கைகளில் பார்த்தால் இரண்டு பெரிய கட்சிகளிலும் குடும்பத் தலைவிக்கு மாதப் பணம் இருந்தது. 2023 செப்டம்பரில் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கிலேயே வந்து விழுந்தது. கமலோ கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். தோற்றவரைப் பற்றி மக்கள் சொன்ன விமர்சனம் என்ன? "நல்லாத்தான் பேசுறார், ஆனா என்ன கொள்கைன்னு தெளிவா சொல்ல மாட்டேங்கிறாரே!"

ஆக, சொன்னால் காதில் வாங்குவதில்லை, சொல்லாவிட்டால் கொள்கை எங்கே என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியையும் பதிலுக்காகக் கேட்பதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதும் "அப்புறம்?" என்போமே, அந்த ரகம். கேட்டுவிட்டோம் என்ற திருப்தி நமக்கு, கேட்டுவிட்டார்கள் என்ற பெருமை அவர்களுக்கு.

என்னைக் கேட்டால் 'உங்கள் கொள்கை என்ன' என்ற கேள்வியையே சட்டம் போட்டுத் தடை செய்யவேண்டும். அது நட்சத்திரங்களுக்குத் தோதான கேள்வி. நல்லதே செய்வோம் என்று பதில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடலாம். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்கலாம். புதிதாகக் கட்சி தொடங்குகிறவர்கள் எல்லோரும் டாஸ்மாக் மதுக்கடைகளைப் பற்றிக் கண் கலங்குகிறார்கள். தாய்மார்கள் கண்ணீர் என்கிறார்கள். நியாயம்தான், அந்தக் கண்ணீரை எங்கள் தெருமுனையிலேயே தினமும் பார்க்கலாம். ஆனால் 2024-25-இல் அந்தக் கடைகள் அரசுக்குக் கொடுத்த வருமானம் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மாநிலத்தின் கடன் 2026 மார்ச் இறுதியில் 9 லட்சத்து 29 ஆயிரம் கோடியைத் தாண்டும் என்று 2025-26 பட்ஜெட்டிலேயே அரசு கணக்குப் போட்டிருந்தது. கடையை மூடினால் அந்த 48 ஆயிரம் கோடிக்கு என்ன வழி?

2020 மே மாதம், கொரோனா நேரத்தில் கடைகளைத் திறந்தபோது ரஜினி ட்விட்டரில் கோபப்பட்டார். மறுபடி திறந்தால் மறுபடி ஆட்சிக்கு வரும் கனவை மறந்துவிடுங்கள் என்று அன்றைய அரசை எச்சரித்தார். கஜானாவை நிரப்ப நல்ல வழிகளைப் பாருங்கள் என்று முடித்தார். நல்ல வழி! எது அந்த நல்ல வழி? எவ்வளவு நீளம், எங்கே ஆரம்பிக்கிறது, பஸ் போகுமா? ஒருவரும் கேட்கவில்லை. கோபம் வைரலானது, வழி அங்கேயே நின்றுபோனது. அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? பூரண மதுவிலக்கு என்ற இரண்டு சொல்லை நடிக்காத கட்சிகளும் தேர்தலுக்குத் தேர்தல் எடுத்துத் துடைத்து, முடிந்ததும் உள்ளே வைத்துவிடுகின்றன. அவர்கள் பழைய ஆட்கள், நமக்குப் பழகிவிட்டது. புதிதாக மாற்றம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களாவது ஒரு துண்டுச் சீட்டைக் காட்டக் கூடாதா என்பதுதான் என் வயிற்றெரிச்சல். தேர்தல் ஆலோசகருக்கும் டிரோன் கேமராவுக்கும் முந்நூறு அடி ராம்ப்புக்கும் காசு இருக்கிறது. கூட்டல் கழித்தல் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற கருவூல அதிகாரியை வைத்துக்கொள்ள மட்டும் இவர்களுக்கு வசதி இல்லையா?

மூன்று காரணங்கள் சொல்வதாக ஆரம்பித்தேன். மற்ற இரண்டும் எங்கே என்று சிலர் கேட்கலாம். தேர்தல் அறிக்கையில் சொன்னதை எல்லாமா செய்கிறார்கள்?

இந்த 48 ஆயிரம் கோடிக் கேள்வியைச் சமீபத்தில் ஒரு வளைகாப்புப் பந்தியில் என் அண்ணன் மகனிடம் கேட்டேன். கல்லூரியில் படிக்கிறான், போன் கவரில் தலைவர் படம். பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சித்தப்பா, நீங்க எப்ப இருந்து கட்சிக்காரங்ககிட்ட இருநூறு ரூபா வாங்க ஆரம்பிச்சீங்க?" என்றான். பந்தியே சிரித்தது. ஜாங்கிரி பரிமாறிக்கொண்டிருந்தவரும் சிரித்தார்.

எனக்கு இது புதிதில்லை. விஜயகாந்த் வந்தபோது கேள்வி கேட்டேன். ஒரு பெரிய கட்சியின் ஆள் என்றார்கள். ரஜினி வருவதாகச் சொன்னபோது கேட்டேன். இன்னொரு பெரிய கட்சியிடம் காசு வாங்குகிறேன் என்றார்கள். கமல் வந்தபோது கேட்டேன். டெல்லியில் இருந்து பணம் வருகிறது என்றார்கள். அதற்கப்புறம் கேட்டபோது எல்லோரும் கூட்டாகச் சேர்ந்து தருவதாகச் சொன்னார்கள். இதை எல்லாம் நம்பி என் பாஸ்புக்கைப் பல தடவை என்ட்ரி போட்டுப் பார்த்துவிட்டேன். மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கு அபராதம் பிடித்ததைத் தவிர வேறு வரவு செலவு எதுவும் இல்லை. எனவே இதன் மூலம் சம்பந்தப்பட்ட அனைத்துக் கட்சிகளின் தலைமை நிலையங்களுக்கும் பணிவன்போடு தெரிவித்துக்கொள்வது: என் பாக்கி நிறைய நிலுவையில் இருக்கிறது. வட்டி வேண்டாம். அசலை மட்டும் அனுப்பி வைத்தால் போதும்.